கீழ்த்துறை

பிரதேச செயலகத்தில் ஆட்சேபனை மனு கொடுக்கத் தவமலருக்கு இன்னும் இருபது நிமிடமே இருந்தது. மின்நிலையத்துக்காக ஆற்றைக் குழாய்க்குள் திருப்பினால் கீழ்த்துறை வறண்டுவிடும். பதினாறு வருடங்களுக்கு முன் அங்கே குளித்துக்கொண்டிருந்த அவள் கணவனைச் சீருடைக்காரர்கள் ஈரத்துணியோடு கூட்டிப்போனார்கள்; அவன் திரும்பவில்லை. அவன் மாற்றி உடுத்தக் கல்லில் வைத்திருந்த சாரத்தைத் தவமலர் வெள்ளிதோறும் அதே துறையில் துவைத்துக் காயப்போடுகிறாள்.

"ஊர்ச்சனத்தின்ர மனு செல்லாது அக்கா," என்றார் கிளார்க். "துறையடிக் காணி உங்கட மனுசன்ர பேரில. நீங்கள் எதிர்க்கிறதெண்டால் அவற்ற மரணச் சான்றிதழ் வேணும்."

"அந்தப் படிவத்தைத்தானே வருசா வருசம் வீட்ட கொண்டுவந்து நீட்டினியள். நான்தானே துரத்தினன்."

"இப்பவும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிச்ச துண்டை வைச்சு மனுவை எடுப்பம்."

அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கிளார்க் படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"செத்த திகதி என்னண்டு போட, அக்கா?"