வியாழக்கிழமை முறை

குதிரைக் கதையை அனுப்பிவிட்டு அவர் பல் துலக்கப் போனார்.

வியாழக்கிழமை. காலை ஏழு மணி.

கதை இதுதான். கால்நடை மருத்துவக் கல்லூரி, மூன்றாம் வருடம். பொன்னுரங்கம் ஒரு குதிரைக்கு மயக்க ஊசி போடப் போனான். குதிரை நகர்ந்துகொண்டது. ஊசி பொன்னுரங்கத்தின் தொடையிலேயே இறங்கிவிட்டது. மூன்று நாள் தூக்கம். மூன்று நாளும் குதிரை விடுதிக் கட்டிலருகே நின்று வாலால் ஈ ஓட்டியது. நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டான். குதிரைக்கும் ஒன்று சொன்னான்.

இதில் பொய் எதுவும் இல்லை. குதிரைக்குக் காபி பிடிக்காது என்பதை மட்டும் எழுதாமல் விட்டிருந்தார்.

வகுப்புத் தோழர்களின் வாட்ஸ்அப் குழு. எல்லோரும் ஓய்வு பெற்ற மாட்டு டாக்டர்கள். எல்லோருக்கும் எழுபது தாண்டிவிட்டது. தினம் ஒரு கதை, அவர் உபயம். ஞாயிறு விடுமுறை.

கதைக்குப் பதில் வராத நாளே கிடையாது.

பொன்னுரங்கத்தின் பதில் எப்போதும் ஒன்றுதான்.

"டேய் புளுகா, போதும்டா. வயிறு வலிக்குது."

இரண்டு வாரமாக அதைக் காணோம். மலையடிவாரத்தில் மகள் வீட்டுக்குப் போயிருப்பான். அங்கே இருந்தால் போனைத் தொடமாட்டான். அதனால்தான் அவர் அனுப்பும் கதைகளின் அடியில் அந்த இரண்டு டிக்கும் சாம்பல் நிறத்திலேயே நிற்கின்றன. குழுவில் கடைசி ஆள்வரை படித்தால்தான் நீலமாகும்.

அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்து இரண்டு வருடம்.

இந்த இரண்டு வருடத்தில் வகுப்பில் ஒரு சாவு கிடையாது. பூங்காவில் உடன் நடப்பவர்களிடம் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். சுத்தமான பால் குடித்து வளர்ந்த வகுப்பு.

ஆறு பேர் மட்டும் குழுவிலிருந்து விலகியிருந்தார்கள். செல்போன் கண்ணுக்கு ஆகவில்லையாம். குழுவை நடத்தும் சுலைமான்தான் சொன்னார்.

வாயில் நுரையோடு வந்து போனை எடுத்தார்.

சுலைமான் ஏதோ எழுதியிருந்தார்.

"இன்னைக்கு பொன்னுரங்கத்துக்குப் பதினாறாம் நாள் காரியம். வேன் எட்டு மணிக்குக் கிளம்புது. மாசிலாமணிகிட்ட யாரும் உளறிடாதீங்கப்பா, ஆபரேஷன் பண்ணின நெஞ்சு. அப்புறம் ஒண்ணு. அவன் கதைக்கு வியாழக்கிழமை பதில் போடுற முறை பொன்னுரங்கத்தோடது. ரெண்டு வாரமா நான்தான் சிரிப்புப் பொம்மை போட்டு ஒப்பேத்துறேன். வேற யாராச்சும் எடுத்துக்குங்க."

மாசிலாமணி என்பது அவர்தான்.

இன்னொரு முறை படித்துப் பார்த்தார். அவரேதான்.

அவர் இல்லாத இன்னொரு குழு இருக்கிறது. அங்கே போகவேண்டியது இங்கே வந்துவிட்டது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த எழுத்துகள் மறைந்தன. செய்தி நீக்கப்பட்டது என்று ஒரு வரி மட்டும் மிஞ்சியது.

"சாரி மச்சான், பேரன் போனை வச்சு விளையாடிட்டான்."

சுலைமானின் ஒரே பேரன் மெல்போர்னில் இருக்கிறான். அங்கிருந்தே கை எட்டியிருக்கிறது.

அரை நிமிடத்தில் இருதயராஜ் வந்தார். "குதிரை சூப்பர் மச்சி." மூன்று சிரிப்புப் பொம்மைகள்.

அவர் விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனார். போன வாரம். போன மாதம். போன வருடம்.

திங்கள், இருதயராஜ். செவ்வாய், சுலைமான். வியாழன், பொன்னுரங்கம். மறுபடியும் திங்கள், இருதயராஜ்.

அரசு கால்நடை ஆஸ்பத்திரியில் அவர் போட்ட டியூட்டி அட்டவணைகூட இவ்வளவு ஒழுங்காக நடந்ததில்லை.

சாணியைப் பார்த்தே நோயைச் சொன்னவர். பேச முடியாத ஜீவன்களிடம் நாற்பது வருடம் விவரம் கேட்டு வாங்கியவர்.

வயிறு வலிக்கவில்லை அவனுக்கு. முறை வந்திருக்கிறது, போட்டிருக்கிறான்.

கண்ணுக்கு ஆகாமல் போன ஆறு பேரையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார்.

நுரை தாடையில் காய்ந்திருந்தது.

இன்னும் மேலே தள்ளினார். ஒரு சனிக்கிழமையில் விரல் நின்றது.

அன்று அவர் கதை எழுதவில்லை. மனைவியின் திவசம். அதை மட்டும் ஒரு வரியில் போட்டிருந்தார். சனிக்கிழமை முறைக்காரர் கும்பிடும் கைகளைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

அதற்கும் கீழே பொன்னுரங்கம்.

"சாப்பிட்டியாடா?"

முறை இல்லாத நாள்.

அவர் அதற்குப் பதில் போட்டிருக்கவில்லை.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்றைய கதைக்குத் திரும்பி வந்தார்.

மணி எட்டு ஐந்து. வேன் கிளம்பியிருக்கும். எல்லோர் கையிலும் போன் இருக்கும்.

கதையின் கீழே, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

"டேய் புளுகா, போதும்டா. வயிறு வலிக்குது."

அனுப்பினார்.

யாரும் பதில் போடவில்லை.

யார் யார் படித்தார்கள் என்று பார்த்தார். சுலைமான் படித்துவிட்டார். இருதயராஜ் படித்துவிட்டார். வேனில் இருந்தவர்கள், இல்லாதவர்கள், வரிசையாக, ஒருவனைத் தவிர எல்லோரும் படித்துவிட்டார்கள்.

டிக் இரண்டும் சாம்பல் நிறத்திலேயே இருந்தன.

அவர் போனை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நீலமாகட்டும் என்று.