பாக்கி ஒருத்தர்

"சட்டைக் கையை மடிச்சு விடுங்க, ஆர்வில். ரெண்டு நிமிஷ வேலை."

"மாட்டேன். எனக்குப் பிரஷரும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது."

மார்லிஸுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. டிசம்பர் முப்பத்தொன்று. வெளியே நெப்ராஸ்கா பனி கொட்டுகிறது. கிளினிக் ஹாலில் கூட்டம் இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கிழவரோ கம்பளிச் சட்டையின் கைப் பொத்தானைக்கூடக் கழற்றாமல், காப்பிக் கோப்பையும் கையுமாக அடம்பிடிக்கிறார்.

"ஹால்ல எத்தனை பேர் இருக்காங்க. அவங்களை விட்டுட்டு என் பின்னாடி ஏம்மா அலையற?"

"அவங்க எல்லாரையும் அளந்தாச்சு. பாக்கி நீங்க ஒருத்தர்தான்."

மார்லிஸ் நர்ஸ் இல்லை. மெடிகேருக்குக் கணக்குக் காட்டத் தெரியாமல் விழிக்கும் சின்னச் சின்னக் கிளினிக்குகளைக் கரையேற்றுவது அவள் தொழில். வயதானவர்களின் வைத்தியச் செலவை ஏற்கும் அந்த அரசாங்கக் காப்பீடு, இப்போதெல்லாம் ஒழுங்காகப் பார்த்தாயா, பிரஷரை அளந்து எழுதினாயா என்று மார்க் போட்டுத்தான் பணம் தருகிறது. மார்க் குறைந்தால் வெட்டு. இந்தக் கிளினிக்குக்கு இரண்டு வருடமாக வெட்டு. இந்த வருடமும் விழுந்தால் கதவைச் சாத்த வேண்டியதுதான். அப்புறம் ஒரு காய்ச்சல் என்றாலும் ஊர்க்காரர்கள் பனியில் வண்டியை ஓட்டிக்கொண்டு ஒமாஹா நகரம் வரை போக வேண்டும்.

"எனக்கு வைத்தியம் பாக்குற டாக்டர் ஒரு நாளும் என்னை இப்படி நச்சரிச்சதில்லை," என்றார் ஆர்வில்.

"அந்த டாக்டர் பேச்சை எடுக்காதீங்க. வந்த வினையெல்லாம் அவராலதான். நல்லாப் பாப்பாரு, இல்லேங்கல. பாத்ததைக் கம்ப்யூட்டர்ல ஏத்தினாரா? ஏத்தலைன்னா மெடிகேரைப் பொறுத்தவரை அவர் பாக்கவே இல்லை."

"கம்ப்யூட்டரையே பாத்துட்டிருந்தா பேஷன்ட் மூஞ்சியை எப்பப் பாக்குறது?"

"அவருக்கு நீங்க வக்காலத்து வாங்காதீங்க."

மார்ச்சிலிருந்து அவள் படாத பாடு பட்டிருக்கிறாள். மாட்டுச் சந்தைக்குப் போய்ப் பிரஷர் அளந்தாள். சர்ச் விருந்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் இடது கையைப் பிடித்து அளந்தாள். ஊரே அவளைக் கண்டால் ஒளிந்தது. அப்படி உயிரை விட்டுச் சேர்த்த மார்க், எல்லைக்கு ஒரே ஒரு ஆள் குறைவாக வந்து நிற்கிறது.

"என் பேர் உன் கணக்குல எப்படி வந்துச்சு?"

"செப்டம்பர்ல நர்ஸ் லோர்னாகிட்ட ஃப்ளூ ஊசி போட்டுக்கிட்டீங்கல்ல? அப்பவே நீங்க மெடிகேர் பேஷன்ட். பிரஷர் பாக்க வந்தவளை விரட்டி விட்டுட்டீங்களாம்."

"சரி, நூத்தி இருபது, எண்பதுன்னு போட்டுக்கோ. யாரு கேக்கப் போறா?"

"பொய்க் கணக்கு நான் எழுத மாட்டேன்."

"அப்ப அளந்து, ஏறியிருந்தா? மார்க் போயிடும்ல?"

"போகாது. ஏறியிருந்தா அதுக்கு என்ன பண்ணினோம்னு எழுதினாப் போதும். இதை உங்களுக்கு எத்தனை தடவை சொல்றது?"

கிழவர் பிடரியைத் தேய்த்துக்கொண்டார். காலையிலிருந்தே தேய்த்துக்கொண்டிருக்கிறார். "நாளைக்குப் பாக்கலாம்மா."

"நாளைக்கு அடுத்த வருஷம், ஆர்வில்!" மார்லிஸின் பொறுமை அறுந்தது. "ஊர்ல ஒவ்வொருத்தர் கால்லயும் விழாத குறையா நின்னேன். எல்லாரும் திட்டிக்கிட்டாவது கையை நீட்டினாங்க. உங்க ஒருத்தராலதான் இந்தக் கிளினிக்கை மூடப் போறாங்க. மூடட்டும். எனக்கென்ன, நான் வேற ஊர் பாத்துப் போறேன்."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ஆர்வில் கோப்பையைக் கீழே வைத்தார். "அழாதே. இந்தா, அளந்து தொலை."

பட்டை கையை இறுக்கியது. கருவி எண்களைக் காட்டியது. இருநூற்றுப் பத்து. கீழே நூற்றுப் பதினெட்டு.

"மெஷின் பழுது," என்றார் கிழவர்.

மார்லிஸ் மற்றக் கையில் கட்டினாள். கிட்டத்தட்ட அதே எண்கள்தான் வந்தன. கிழவரின் கை மறுபடி பிடரிக்குப் போனது.

"தலைவலி எத்தனை நாளா இருக்கு?"

"ஒரு வாரமா. நேத்துலேர்ந்து கண்ணும் மங்கலாத்தான் இருக்கு," என்றார் சின்னக் குரலில். "உனக்கு மார்க் வந்துடுச்சுல்ல. எழுதிட்டு என்னை விடு. எனக்கு வேலை கிடக்கு."

"எழுந்திரிச்சீங்க, கட்டிப் போட்டுடுவேன்."

லோர்னாவைக் கூப்பிட்டு அவர் பக்கத்தில் நிறுத்தினாள். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். இந்த மனிதருக்கு ஏதாவது ஆகிவிட்டால் எந்த மார்க் வந்து என்ன? கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹால் கதவைத் திறந்தாள்.

முன்வரிசையில் இருந்த பண்ணைக்காரர் டுவெய்ன் எழுந்தார். "நீ போட்ட சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு, மார்லிஸ். யாரும்மா அந்த அடங்காப்பிடாரி? பேசாம டாக்டரை விட்டு ஒரு அதட்டல் போடச் சொல்ல வேண்டியதுதானே? அவர் பேச்சைக் கேக்காத ஆளு இந்த ஊர்ல உண்டா?"

"ஒருத்தர் உண்டு," என்றாள் மார்லிஸ். "எல்லாரும் வீட்டுக்குப் போங்க, டுவெய்ன். ஆம்புலன்ஸ் வருது, நம்ம டாக்டரைத்தான் ஏத்திட்டுப் போகப் போறாங்க."