பயணத்தடை

சிவப்பு விளக்கைத் தாண்டிய குற்றத்துக்காகச் சேசுராஜுக்கு முப்பது நாள் பயணத்தடை விதித்திருந்தார்கள். அவன் ஏறி உட்கார்ந்தால், அவனை அடையாளம் கண்டு எந்த வண்டியும் நகராது. பன்னிரண்டாம் நாள் காலை, தாயில்லாத அவன் மகள் ஜெனிட்டாவைப் பாம்பு கடித்துவிட்டது. ஆறு வயதுப் பிள்ளை. அவளைத் தூக்கிக்கொண்டு அவன் ஏறியதுமே ஆம்புலன்ஸின் இன்ஜின் அணைந்துபோனது.

ரோந்தில் இருந்த காவலர் இசக்கியம்மாள் ஓடிவந்து, தடை விதிக்கும் தன் கைக்கருவியை இரண்டு முறை தட்டிப் பார்த்தாள்.

"தடைய போடத்தாண்ணே எங்களால முடியும், எடுக்க முடியாது. பிள்ளைய நெனச்சு இறங்கிருங்க."

"யப்பா, போவாதீங்க" என்று குழந்தை அவன் சட்டையை இறுகப் பற்றியது. அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு இறங்கினான். வண்டி உடனே சீறிப் பாய்ந்தது.

மூன்று கிலோமீட்டர் தூரத்தையும் அவன் ஓடியே கடந்தான். மூச்சு முட்ட ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது மகள் கண்மூடிக் கிடந்தாள்.

"மருந்து ஏத்தியாச்சு, பொழச்சுக்கிடுவா" என்றாள் நர்ஸ். பிறகு தயங்கிச் சொன்னாள்: "மயங்குற வரைக்கும் ஒண்ணையேதான் கேட்டுக்கிட்டு இருந்தா. 'நான் என்ன தப்பு செஞ்சேன், அப்பா ஏன் இறங்கிட்டாங்க'ன்னு."