நான்கு வரி சாம்ராஜ்யம்

"மனுஷன் மறப்பான், அர்பாப். கம்ப்யூட்டர் மறக்காது. நம்ம ஆளுங்க அறுநூத்திப் பன்னிரண்டு பேரும் இதுக்குள்ள பத்திரமா இருக்காங்க. இனிமே ஃபைலும் வேண்டாம், ஃபைல் கிளார்க்கும் வேண்டாம்!"

வளைகுடாவில், ராஸ் அல் கைமாவின் அந்தக் கல்குவாரி அலுவலகத்தில், கம்ப்யூட்டர் மேனேஜர் சேதுமாதவன் உருதுவில் முழங்கினார். அது 1987. கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு நுழையக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். முதலாளியான அர்பாபும் வெறுங்காலோடுதான் நின்றார்.

கதவோரம் ஃபைல் கிளார்க் மார்க்கண்டு. அவருடைய விசாவை ரத்து செய்யும் தாள், கையெழுத்துக்காக மேஜைமேல் கிடந்தது. திரும்பிப் போனால் யாழ்ப்பாணம். அங்கே ஷெல் விழுந்துகொண்டிருந்தது.

"அச்சா, காட்டு" என்றார் அர்பாப்.

மெஷினுக்குள் என்னென்ன பட்டியல்கள் இருக்கின்றன என்று கேட்கும் கட்டளையை சேதுமாதவன் அடித்தார். திரையில் பச்சை எழுத்தில் நான்கு வரி: ஊழியர், பிரிவு, போனஸ், சம்பள விகிதம்.

இரண்டு வருடமாக மாதாமாதம் வரும் அதே நான்கு வரி. பார்த்ததும் அர்பாப் "மாஷா அல்லாஹ்" என்பார். இப்போதும் சொன்னார். பேனாவைத் திறந்தார்.

"சேர், அலுமாரியின்ரை பேரைத்தானே காட்டுறியள்" என்றார் மார்க்கண்டு. "ஒருக்காத் திறந்து காட்டுங்கோவன்."

"யோவ், இது உன் இரும்பு பீரோ இல்லை. ஹை லெவல் மேட்டர். உனக்கு என்னய்யா தெரியும்?"

"ஒண்டும் தெரியாது, சேர். மெஷினோடை வந்த மனுவல் புத்தகத்தைத் தூசு தட்டேக்கை வாசிச்சனான். எத்தினை பேர் எண்டு கேட்டால் எண்ணிச் சொல்லுமாம். அறுநூத்திப் பன்ரண்டு எண்டு வந்தால் நானே பெட்டியைக் கட்டுறன்."

அதையே தன் அரைகுறை உருதுவில் அர்பாபிடமும் சொல்லிவைத்தார்.

"எண்ணச் சொன்னா மெஷின் சூடாயிடும், அர்பாப்!"

"யல்லா, எண்ணு."

சேதுமாதவனின் விரல்கள் அசையவில்லை. மார்க்கண்டுவே குனிந்து, ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாக அடித்தார்.

திரையில் 14 என்று வந்தது.

"மீதிப் பேர் எங்கே?"

"சாப்பாட்டு நேரம்... வெளியே போயிருப்பாங்க, அர்பாப்."

அந்தப் பதினான்கு பேரின் பெயர்களையும் காட்டச் சொல்லி மார்க்கண்டு அடித்தார். பதினான்கும் வெள்ளைக்காரப் பெயர்கள். குவாரியில் அப்படி ஒருவரும் கல் உடைக்கவில்லை. அர்பாப் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார்.

அந்த நான்கும், மெஷினை விற்றவர்கள் பழகிப் பார்ப்பதற்காகச் சும்மா போட்டுக்கொடுத்த மாதிரிப் பட்டியல்கள். இரண்டு வருடத்தில் சேதுமாதவன் தன் பெயரைக்கூட அதில் சேர்த்திருக்கவில்லை.