கண் விழிக்கும்போது பாடும் நாய்

கடல் தாண்டி வந்த அந்த இயந்திர நாய், கண் விழிக்கும்போதெல்லாம் ஒரு சின்ன மெட்டை முனகும். அதை முதலில் கேட்ட சாயங்காலம் அணில் குட்டிகள் கிளைக்குக் கிளை தாவி ஆடின. அரண்மனைக் காவலுக்கு இப்படி நிறைய நாய்கள் வாங்கப்போவதாகப் பேச்சு. மழைக்காலத்துக்குச் சேர்த்திருந்த கொட்டைகளை எல்லாம் அணில் அந்த நாய் வியாபாரத்தில் போட்டது.

பிறகு சிங்கராஜா உத்தரவு போட்டார்: அயல்நாட்டு இயந்திரம் அரண்மனைக்கு ஆகாது.

"பாதி விலை கிடைச்சாலும் உன் பங்கைத் தள்ளிவிட்டுடு," என்றது கீரி மாமா. "நம்ம காட்டிலேயே செஞ்ச நாய் வருதாம். மிச்சத்தை அதுல போடு."

அணில் அப்படியே செய்தது. பழைய நாய் பறிமுதலாகி அரண்மனைக் கொட்டகைக்குப் போனது. அதன்பின் குட்டிகள் ஆடவில்லை. பொழுது சாய்ந்தால் அணிலுக்கு என்னவோ போலிருக்கும்.

புது நாயை ராஜா முன்னால் நிறுத்தினார்கள். நெற்றியில் ஆலிலை முத்திரை பளபளத்தது. விசையைத் தட்டியதும் கண் விழித்து முனகியது. அதே மெட்டு.

அணிலுக்குக் கண் கலங்கிவிட்டது. "மாமா, இது நம்ம பழைய பாட்டு! உள்ளே அதே நாய்தானா?"

"வாயை மூடு. ராஜா காதுல விழுந்தா இதுவும் போச்சு. அப்புறம் மழைக்கு உன் பிள்ளைங்க எதைத் தின்னும்?"

கொட்டகைக்குள் கிடந்த பழைய நாய், யாரோ தன்னைக் கூப்பிட்டதாக நினைத்து, பதிலுக்கு அதே மெட்டை முனகியது.

ராஜா காதை நிமிர்த்தினார்.

அணில் பலமாக இருமத் தொடங்கியது. அந்தப் பாட்டு ஓயும்வரை இருமிக்கொண்டே இருந்தது.