மூன்றாவது சாவி

“டைப் அடிச்சிட்டேன். இப்ப அணைச்சுக்கோ” என்று அம்மா அறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

நான் வாசல் கதவோரம், மெயின் சுவிட்சில் கை வைத்தபடி நின்றிருந்தேன்.

அணைத்தேன்.

ஃபேன் சுற்றிச் சுற்றி நின்றது. ஃபிரிட்ஜ் முனகி அடங்கியது. பேட்டரி செத்துப்போன என் பழைய லேப்டாப்பும் அதே நொடியில் மூச்சை விட்டிருக்கும். எனக்கு வேண்டியதும் அதுதான்.

பல் கிளினிக்கில் வரவேற்பு மேசை வேலை எனக்கு. ப்ரோகிராமிங் கற்றே தீருவது என்று இறங்கி, ஐந்து மாதமாக ஒரு டேட்டாபேஸை அடியிலிருந்து நானே எழுதிக்கொண்டிருந்தேன். யாரோ எழுதி வைத்ததை எடுத்து ஓட்டினால் என் மண்டையில் எதுவும் ஏறாது.

சின்னதுதான். இரண்டே அட்டவணைகள். ஒன்றில் வீட்டு ஆட்கள்: எண் ஒன்று நான், எண் இரண்டு அம்மா. மற்றதில் வீட்டுச் சாவிகள், எது எந்த எண்காரரிடம் என்று. கேட்டால் இரண்டையும் எண்ணால் கோத்து, எந்தச் சாவி யாரிடம் என்று ஒரே பட்டியலாகக் காட்டும். மூன்றாவது சாவி அப்பாவுடையது. அவர் இறந்தபிறகு அதை யார் பேரிலும் எழுதவில்லை.

சேர்க்கும், தேடும். அதற்குமேல் அதற்கு ஒன்றும் தெரியாது.

கரண்ட் போனாலும் எழுதியது நிலைக்க வேண்டும். அதற்குத்தான் இந்தச் சோதனை. என்ன எழுதப்பட்டது என்று எனக்கே தெரியக் கூடாது. தெரிந்தால் என்னையறியாமல் எனக்கே சலுகை காட்டிக்கொள்வேன். அதனால் ஒவ்வோர் அட்டவணையிலும் ஒரு வரி சேர்ப்பது அம்மாவின் வேலை. திரையைப் பார்க்காதபடி வாசலில் நிற்பது என் வேலை.

முதல் தடவை எல்லாம் போயிற்று. தற்காலிக நினைவில் மட்டும் வைத்துக்கொண்டு, ஹார்ட் டிஸ்க்கில் எழுதிவிட்டதாக என் ப்ரோகிராம் புளுகியிருந்தது. இரண்டாம் தடவை பாதி எழுதும்போதே கரண்ட் போய், இருந்ததும் சிதைந்துபோயிற்று. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அம்மா மட்டும் இரண்டு தடவையும் வழக்கத்தைவிட உற்சாகமாக இருந்தாள். போனால் போகிறது விடு என்று தோளைத் தட்டிவிட்டு, டிரைவிங் வகுப்புக்குக் கிளம்பிப் போனாள். லைசென்ஸ் வாங்கி ஆறு மாதமாகிறது. ரிவர்ஸ் இன்னும் பிடிபடவில்லையாம். எங்களிடம் காரும் கிடையாது.

இந்த முறை வழியை மாற்றியிருந்தேன். முதலில் ஒரு குறிப்புக் கோப்பில் எழுதும். அது டிஸ்க்கில் இறங்கியது உறுதியானபிறகுதான் அட்டவணையைத் தொடும். நடுவில் கரண்ட் போனால், மறுபடி எழுந்ததும் குறிப்பைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து முடிக்கும்.

இதுவும் போனால் மூட்டை கட்டிவிடுவது என்று இருந்தேன்.

சுவிட்சைப் போட்டுவிட்டு ஓடினேன். அம்மா எழுந்து சுவரோரம் நின்றுகொண்டாள். லேப்டாப் ஆடி அசைந்து விழித்துக்கொள்வதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

பட்டியலைக் கேட்டேன்.

முதல் வரி நான். இரண்டாம் வரி அம்மா. அதன் கீழே, மூன்றாவதாக ஒரு வரி.

நாற்காலி சாயக் குதித்தேன். இருக்கிறது. கரண்ட் போயும் இருக்கிறது. ஐந்து மாதம் வீண்போகவில்லை. அம்மாவைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன். அவள் சுற்றிய பக்கமெல்லாம் வந்தாள், ஆனால் சிரிக்கவில்லை.

அப்புறம்தான் அந்த வரியைப் படித்தேன்.

சாவி மூன்று. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்.

வாசலுக்குத் திரும்பி வந்தேன். மெயின் சுவிட்சுக்கு நேர் கீழே சாவிகளுக்காக மூன்று ஆணிகள். என் சாவி தொங்கியது. அம்மாவின் சாவி தொங்கியது. மூன்றாவது ஆணி வெறுமையாக இருந்தது. அதன்மேல் படிந்திருந்த தூசியைப் பார்த்தால் இன்று நேற்றுக் காலியானதாகத் தெரியவில்லை. மூன்று தடவையும் நான் அதன் முன்னால்தான் நின்றிருக்கிறேன்.

அம்மா பின்னால் வந்து நின்றாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“மூணு தடவையும் இதையேதான் அடிச்சேன். எப்படியும் போயிடும்னு ஒரு தைரியம். வேணாம்னா அழிச்சிடு.”

எனக்குச் சிரிப்பு வந்தது.

“அழிக்கற வசதியை இதுல நான் இன்னும் எழுதலம்மா” என்றேன். “எழுதப் போறதும் இல்ல.”