இருவர் தோட்டம்

நிவேதனாவின் இரத்தச் சீனி நூற்று எழுபத்திரண்டு என்று கைபேசியில் பதிந்தாள் பத்மாசினி. திரையில் கிணற்றுத் துலா தாழ்ந்து எழுந்தது. மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் பாய்ந்தது.

கரவெட்டியிலிருந்து சுபாங்கனின் செய்தி வந்தது. “ஊசி போட்டாச்சோ?”

“ஓமடா வெங்காயம். நீ போட்டனியோ?” மகள் எழுதுகிற மாதிரியே எழுதினாள்.

“ஓம்.”

பத்மாசினியின் விரல் நுனியில் இன்னும் இரத்தம் கசிந்தது. குத்தியது அந்த விரலில்தான். நிவேதனா இறந்து நாலு மாதம்.

நீரிழிவுள்ள பிள்ளைகளுக்கென்று வந்த இணைய விளையாட்டு அது. முகம் தெரியாத இருவரைச் சோடி சேர்த்து ஒரு தோட்டத்தைக் கொடுக்கும். சீனி பார்த்து, ஊசி போட்டு, எண்ணைப் பதிந்தால் தண்ணீர் வரும். ஒருவர் தவறினால் இருவரின் கன்றுகளும் வாடும்.

பத்மாசினிக்கு நோய் எதுவுமில்லை. நூறைத் தாண்டாத எண் காட்டிக்கொடுத்துவிடும் என்று, வருகிற எண்ணோடு எண்பதைக் கூட்டிப் பதிவாள். குத்தாமல் பதிய மனம் வருவதில்லை.

“பிள்ளையின்ரை பேரிலை இன்னும் எத்தினை நாளைக்கு?” என்றான் கணவன் கோபிசங்கர். “பெடியனுக்கு உள்ளதைச் சொல்லுமன்.”

“சொன்னா ஊசியை விட்டிடுவான். முந்தி மருந்தைக் கிணத்துக்கை எறிஞ்சவன். அவனே இவளுக்குப் புழுகி எழுதினவன்.”

“இப்ப?”

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். புரட்டாதியில் முந்நூற்றுப் பத்து. ஐப்பசியில் இருநூற்றெண்பது. கார்த்திகை நடுவிலிருந்து ஒருநாளும் நூற்றுப்பத்தைத் தாண்டவில்லை.

“பாத்தீங்களே? என்ரை பிள்ளை போயும் ஒரு பிள்ளையைக் காப்பாத்துறாள்.”



தைப்பொங்கலன்று விடியலிலேயே கோப்பாயில் வெடிச்சத்தம் தொடங்கிவிட்டது. அவர்களுடைய முற்றத்தில் கோலமில்லை, அடுப்பில்லை. இழவு நடந்த வீட்டில் வருடம் திரும்பாமல் பொங்குவதில்லை.

கைபேசித் தோட்டத்தில் பொங்கல் பானை இருந்தது. இரு பக்கமும் ஒவ்வொரு விறகு. இருவரும் தொட்டால்தான் பற்றும்; பொழுதுபடுமுன் பொங்காவிட்டால் தோட்டம் வாடிவிடும்.

விளையாட்டுத்தானே என்று விரலைக் கொண்டுபோனாள். விரல் மடங்கியது.

மத்தியானம் பார்த்தாள். சுபாங்கனின் விறகும் பற்றவில்லை. நிவேதனா முதலில் தொடட்டும் என்று காத்திருக்கிறான் போலும்.

நான்கு மணிக்கும் அப்படியே இருந்தது.

“தோட்டம் வாடினா அவன் வெறுத்துப்போவானப்பா.”

“அப்ப தொடுமன்.”

“ஏலாமல் கிடக்கு.”

“அப்ப சொல்லும்.”

அவள் முதன்முறையாகத் தன் நடையில் எழுதினாள்.

“தம்பி, நான் நிவேதனா இல்லை. அவளின்ரை அம்மா. பிள்ளை ஆவணியிலை செத்துப்போனாள். எங்கடை வீட்டிலை இந்த முறை பொங்கல் இல்லை. என்னாலை விறகைத் தொட ஏலாது. கோவிக்காதையும். தோட்டம் வாடினாலும் ஊசியை மட்டும் விட்டிடாதையும், ராசா.”

அனுப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். கோபிசங்கர் பக்கத்தில் வந்து இருந்தான்.

மறுபக்கத்தில் எழுதுவதாகத் திரை காட்டியது. நின்றது. மறுபடியும் காட்டியது. வெளியே பொழுது பட்டது. மிளகாய்க் கன்றுகள் ஒவ்வொன்றாகத் தலைசாய்ந்தன.

பிறகு பதில் வந்தது.

“எங்கடை வீட்டிலையும் பொங்கல் இல்லை, தங்கச்சி.”